நாலு சக்கரத்தில் ஒரு வீடு – 11: உப்புக்காற்றில் ஒரு ராத்தூக்கம்

போன வாரம் குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் மலையேறும் வண்டிகளின் பிரேக்கைப் பார்த்தோம். இந்த வாரம் தாமிரபரணியோடு கிழக்கே இறங்கி, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் தாண்டிக் கடலில் முட்டி நிற்கிறோம். நெல்லையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஊர் திருச்செந்தூர்.

வேனுக்குள் படுத்து எழுந்திருப்பவர்களைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் கந்த சஷ்டிக்கோ வைகாசி விசாகத்துக்கோ இங்கே வரலாம். தூத்துக்குடி ரோடு, நெல்லை ரோடு, நாகர்கோவில் ரோடு என்று ஊருக்கு வெளியே ஒதுக்கிய திடல்களில் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். தைப்பூசத்துக்குப் பச்சை உடுத்தி நடந்து வரும் பாதயாத்திரைக் கூட்டத்தின் பின்னால் முருகன் படத்தையும் ஒலிபெருக்கியையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு ஒரு வண்டி ஊர்ந்து வரும். புரட்டாசியில், தெற்கே பதின்மூன்று கிலோமீட்டரில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தில் தசரா. வேஷம் கட்டிய குழுக்கள் மேளத்தோடு ஊர் ஊராக வேனில் சுற்றிக் காணிக்கை வாங்குவார்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு வண்டிதான் வீடு, வண்டிதான் ஒப்பனை அறை. பங்குனி உத்திரத்துக்குச் சொல்லவே வேண்டாம். குலசாமியான சாஸ்தாவைத் தேடிக் குடும்பம் குடும்பமாக வேனிலும் குட்டியானையிலும் வந்து, பொங்கி, சாப்பிட்டு, கோயில் பக்கத்திலேயே படுத்து எழுந்து போவார்கள்.

எல்லோரும் சாமி பார்க்கப் போன பிறகு வண்டியோடு ஒருவர் மிச்சம் இருப்பார். ஓட்டுநர். “வண்டியிலயா படுக்கிய, அண்ணாச்சி?” என்று கேட்டால், “வண்டிய விட்டுட்டு வேற எங்க போய்ப் படுக்க?” என்று பதில் வரும்.

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வேன் 1950இல் வந்தது. அடுத்த வருடமே அதற்குள் கட்டிலும் அலமாரியும் பொருத்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் தொடங்கிவிட்டது. பக்கத்துக் கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கெல்லாம் வண்டியில் தூங்குவது விடுமுறைச் சுகம். நம் பக்கத்தில் வேனில் தூங்குகிறவர் பெரும்பாலும் விடிந்ததும் ஒரு வண்டி ஜனத்தை ஏற்றிக்கொண்டு மதுரைக்கோ சிவகாசிக்கோ திரும்ப ஓட்ட வேண்டியவர். ஆயில் மாற்றுவதும் டயர் பார்ப்பதும் பராமரிப்பு என்றால், அவருடைய தூக்கமும் பராமரிப்புதான். அதையும் அந்தக் கணக்கிலேயே எழுத வேண்டும். இந்த வாரம் முழுக்க அந்தக் கணக்குதான்.

முதல் எதிரி உப்பு

திருச்செந்தூரில் கோயில் மதிலைத் தாண்டினால் மன்னார் வளைகுடா. வடக்கே காயல்பட்டினம், ஆறுமுகநேரி என்று போனால் உப்பளங்கள். இந்தக் காற்றில் ஒரு ராத்திரி நின்ற வண்டியின் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

அந்த உப்புத் தூளுக்கு மழை தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் போதும், தானே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆக, காய்ந்த தரையில் நிறுத்திய வண்டியின் அடிப்பாகத்திலும் ராத்திரி முழுக்க மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். இரும்பிலிருந்து துருவுக்குப் போகும் மின்வேதி வினைக்கு அதுவே பாதை. வெயில் வந்ததும் காயும், இருட்டியதும் நனையும். இந்தக் காய்ச்சலும் நனைப்பும்தான் தகட்டைத் தின்கிறது.

மருந்து எளிது: நல்ல தண்ணி. ஊர் திரும்பிய மறுநாளே அடிப்பாகம், சக்கர வளைவு, பட்டைகள், சேஸி இடுக்கு எல்லாவற்றையும் நல்ல தண்ணியில் பீச்சிக் கழுவிவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடலோர ஊர்களின் வாட்டர் சர்வீஸ் கடைகள் பலவற்றில் போர் தண்ணிதான் ஓடும். அதுவே சவர்த் தண்ணியாக இருந்தால் உப்பை உப்பால் கழுவிய கதை. “தண்ணி எங்கேருந்து வருது?” என்று கேட்டுவிட்டு வண்டியை ஏற்றுங்கள். திருச்செந்தூரில் அவசரப்படாமல் உள்ளே ஆற்றுப் பாசன ஊர்ப் பக்கம் வந்து கழுவிக்கொள்வதே நல்லது.

கழுவிய பிறகு கதவுகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் வடிய இரண்டு மூன்று சிறு துளைகள் உண்டு. செம்மண்ணும் தூசியும் அடைத்துவிட்டால் கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் கதவுக்குள்ளேயே தங்கிவிடும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அந்தத் துளையில் விட்டுத் திருகுங்கள். முதலில் ஒன்றும் வராது. இன்னும் கொஞ்சம் திருகினால் தேங்காய்நார் நிறத்தில் ஒரு சொட்டு, பிறகு சட்டென்று ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கும். அது எத்தனை நாளாக உள்ளே நின்றதோ. ஈர்க்குச்சிக்குக் காசு கிடையாது. விட்டுவிட்டால் எஃப்.சி.க்கு விடும்போது கதவடித் தகட்டை வெட்டி ஒட்டும் டிங்கரிங் வேலைக்குக் காசு உண்டு.

கழிவு ஆயிலை டீசலில் கலந்து அடிப்பாகத்தில் அடிப்பது பழைய பட்டறை வழக்கம். அன்றைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிசுக்கில் உப்பும் மணலும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும். பிரேக் பக்கம் தெறித்தால் ஆபத்து. அதற்குப் பதிலாகத் துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பின் அண்டர்கோட்டிங் போடுங்கள். துருவின் மேலேயே கோட்டிங் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே தகடு பொடியாகிக்கொண்டிருக்கும்.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடிக்கு ஆப்பச் சோடா கரைத்த வெந்நீர் போதும். துடைத்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். கடலோரத்தில் இரண்டு நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி விடாதீர்கள். ஈரத்தில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

ரேடியேட்டருக்கும் இதே எச்சரிக்கை. வண்டி சூடேறிவிட்டது என்று பக்கத்துக் குழாயில் பிடித்த சவர்த் தண்ணியை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், அலுமினியம் அரிக்கும். கூலன்ட் கலந்த ஒரு கேனை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

செம்மண் தேரி

திருச்செந்தூருக்குத் தெற்கிலும் மேற்கிலும் குதிரைமொழி, காயாமொழிப் பக்கம் செம்மணல் மேடுகள். தேரி என்பார்கள். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், தார்ச்சாலையை விட்டு ஓர் ஓரமாக ஒதுக்கினால் சக்கரம் இறங்கிவிடும். அப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி தன் குழியைத் தானே தோண்டும். ஆட்களை இறக்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலை வழியுங்கள், டயர் காற்றைப் பாதியளவு இறக்கி, பலகையோ பழைய மிதியடியோ பனையோலையோ போட்டு, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்கக் கூடாது. அதனால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

தேரி மண் மாவு மாதிரி நுணுக்கம். ஏர் ஃபில்டரைச் சர்வீஸ் தேதி பார்க்காமல் ஊர் திரும்பியதும் திறந்து பாருங்கள். காற்றடிக்கும்போது உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசியைக் காகிதத்துக்குள் ஏற்றுகிறீர்கள்.

படுக்கை

1984இல் வந்து 2019இல் நின்றுபோன மாருதி ஆம்னி இன்னும் தென்மாவட்டங்களில் ஓடுகிறது. அதன் வாரிசான ஈகோவும் அப்படித்தான். இரண்டிலும் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில். இருக்கையைத் தூக்கினால் டிப் ஸ்டிக்கும் பெல்ட்டும் கைக்கு எட்டும் என்பதால் சொந்தமாக வேலை பார்க்க இதைப் போன்ற வண்டி இல்லை. ஆனால் அதே காரணத்தால் ஓடி நின்ற வண்டியில் முன்பக்கம் படுத்தால் முதுகு வேகும். பழைய மெட்டடார், மஸ்தா வேன்களில் ஓட்டுநர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் படுத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சூடு தெரியும். தலையைப் பின்பக்கம் வைத்துப் படுப்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

ஏற்பாடு பெரிதல்ல. பின் இருக்கையை மடக்கி, அதன் உயரத்துக்குச் சமமாக இரண்டு மரப்பெட்டி, மேலே மூன்று துண்டாக மடியும் பிளைவுட். தண்ணீர் தாங்கும் ரகம் வாங்குங்கள். சாதாரண பிளைவுட் ஒரு மழைக்காலம் தாங்காது. பெட்டிக்குள் ஜாக்கி, ஸ்பேனர், மாற்றுத்துணி. எதையும் வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் நிறுத்துங்கள். பெட்டி பிரேக் பிடிக்கும்போது முன்னால் பாயாதபடி தரையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

டெம்போ டிராவலரில் இருக்கைகள் நிலையானவை. கழற்ற முடியாது, கழற்றவும் கூடாது. அங்கே நடைபாதையின் இருபக்க இருக்கைகளுக்கும் நடுவே பலகை வைத்துப் பாலம் கட்டிக்கொள்ளலாம். மேலே மெத்தையை விடக் கோரைப்பாய் நல்லது. நம் பத்தமடை ஊரே பாய்க்குப் பெயர் போனது. கல்யாணப் பட்டுப்பாய் வேண்டாம், சாதாரணக் கோரையே போதும். வேர்வையைத் தேக்காது, நனைந்தால் சீக்கிரம் காயும், சுருட்டினால் இடம் பிடிக்காது. ஃபோம் மெத்தை உப்பு ஈரத்தைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் நாறும்.

ஒரு விஷயம் பலர் பார்ப்பதில்லை. மூடிய வேனில் நாலு பேர் படுத்தால் விடியும்போது கண்ணாடி உள்பக்கம் வியர்த்திருக்கும். அது படுத்தவர்களின் மூச்சும் வேர்வையும். கண்ணாடியில் தெரிவது கொஞ்சம். மிச்சம் தரை மேட்டுக்கு அடியில் போய்த் தங்கும். மேலிருந்து மூச்சீரம், கீழிருந்து உப்பு, நடுவில் தரைத் தகடு. ராத்திரி படுத்த வண்டியில் காலையில் ரப்பர் மேட்டைத் தூக்கி வெயில் காட்டுவது பல் தேய்ப்பது போல அன்றாட வேலையாக வேண்டும்.

காற்றோட்டத்துக்கு வண்டியை நிறுத்தும் திசையே பாதி வேலை செய்யும். பகலில் கடலிலிருந்து காற்று வரும். ராத்திரி நிலத்திலிருந்து, அதாவது மேற்கிலிருந்து கடலுக்குப் போகும். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக மேல்காற்று வேறு சேர்ந்து வீசும். ஒரே பக்கம் கதவு உள்ள நம் வேன்களில் அது இடது பக்கம்தான். ஆக, வண்டியின் முகம் வடக்கே இருந்தால் கதவு மேற்கே பார்க்கும். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல், இரண்டிலும் நாலு விரல் இடைவெளி, வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை. இதற்கு ஆகும் செலவு ஒரு ஏர் ஹாரன் விலைகூட வராது.

கரண்டுக் கணக்கு

வேனில் 12 வோல்ட் மின்விசிறி மாட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று ஒரு பயம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 வாட் விசிறிக்கு 12 வோல்ட்டில் ஒன்றே கால் ஆம்பியர். எட்டு மணி நேரம் ஓடினால் 10 ஆம்பியர்-மணி. நல்ல நிலையில் இருக்கும் 70, 80 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது பெரிய சுமை கிடையாது. பேட்டரியைக் கவிழ்ப்பது வேறு: ராத்திரி பாட்டுப் போடும் ஆம்ப்ளிஃபயர், கூரையைச் சுற்றிய எல்.இ.டி. சரம், இன்வெர்ட்டரில் மாட்டிய இன்டக்‌ஷன் அடுப்பு. ஆயிரம் வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80, 90 ஆம்பியர் உறிஞ்சும்.

சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று டேஷ்போர்டில் வையுங்கள். இன்ஜின் நின்று ஓய்ந்த பேட்டரி 12.6 காட்டினால் முழு வயிறு; 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் விசிறியையும் நிறுத்திவிடுங்கள். அடிக்கடி வண்டியில் தங்குகிறவர்கள் இரண்டாவது பேட்டரி வைத்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் அதற்குச் சார்ஜ் போகும்படி ஐசொலேட்டர் ரிலே போட்டுக்கொள்ளலாம். அப்போது ஸ்டார்ட்டர் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

எந்த ஒயரைப் புதிதாக இழுத்தாலும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் போனால் போன காரணத்தைத் தேட வேண்டும். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்துச் சமாளித்தால் அடுத்த தடவை உருகுவது ஒயராக இருக்கும். அதன் மேலே பஞ்சு இருக்கை, அதன் மேலே தூங்கும் ஆள்.

மூச்சும் நெருப்பும்

இனி சொல்லப்போவது வசதி சமாச்சாரம் இல்லை, உயிர்ச் சமாச்சாரம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏ.சி. போட்டுப் படுத்தவர்கள். புகை அடித்தளத்தின் வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. கொன்றது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாய் ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

திருவிழாத் திடலில் இந்த ஆபத்து இரட்டிப்பு. வண்டிகள் ஒட்டி ஒட்டி நிற்கும். உங்கள் வண்டியை அணைத்திருந்தாலும், பக்கத்து வண்டியின் சைலன்சரோ, பந்தலுக்கு ஓடும் பெட்ரோல் ஜெனரேட்டரோ உங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். படுக்கும் முன் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவது வேண்டவே வேண்டாம். பி.எஸ். 6 டீசல் வண்டியாக இருந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு: மணிக்கணக்கில் ஐடிலில் ஓடினால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். அடைத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் ஒட்டிவைப்பது, நான் பார்த்தவரை, வண்டிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் முதலிடம் பெற வேண்டியது.

அடுத்தது அடுப்பு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீ. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள், நாகர்கோவில் வரை போய்த் திரும்பியவர்கள். அனுமதியில்லாமல் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் தேநீர் போடும்போது பற்றியது. 9 பேர் இறந்தார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில், படுத்திருப்பவரின் மூக்கு மட்டத்தில் தேங்கும். அடுப்பை எப்போதும் இறக்கி, வண்டியிலிருந்து தள்ளி, காற்றுக்கு மறைவில் வையுங்கள். ராத்திரி சிலிண்டரும் வெளியே இருக்கட்டும். மழை பெய்தால் பொங்கல் வேண்டாம், ஓட்டலில் இட்லி சாப்பிடுவோம் என்று முடிவெடுக்க ஒருவருக்குத் தைரியம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இருக்கை எண்ணிக்கையைக் குறைப்பது, கூரையை வெட்டித் திறப்பு வைப்பது, இன்ஜினை மாற்றுவது எல்லாம் இதில் வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். மடக்கும் பலகை, பாய், கொசுவலை, விசிறி என்று எடுத்து வைக்கக்கூடிய பொருட்களாக வைத்துக்கொண்டால் எஃப்.சி. நாளில் நெஞ்சு அடித்துக்கொள்ளாது.

மழையில் எங்கே நிறுத்துவது?

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றது. நெல்லை–திருச்செந்தூர் சாலை பல இடங்களில் அறுந்துபோனது. அன்றைக்குத் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ.

அந்த நாட்களுக்குப் பிறகு பட்டறைகளில் கேட்ட பாடம் ஒன்றுதான்: மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதே. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருகினால் கனெக்டிங் ராடு வளையும். அதுவரை சில ஆயிரத்தில் முடியக்கூடிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, ஆயில் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். நிலையைப் படம் எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஸ்டார்ட் செய்ததால் கெட்ட இன்ஜினுக்கு, தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்த்திருந்தால் ஒழிய, சாதாரண பாலிசி பணம் தராது.

ஐப்பசி முதல் மார்கழி வரை தங்குகிறவர்கள் குளத்தங்கரை, ஓடைப் பள்ளம், பாலத்தடி ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். வெயிலுக்கு நிழல் தந்த இடம் மழைக்குத் தண்ணீர் வழி.

தூங்க ஓர் இடம்

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு வகுத்திருந்த கணக்கு: நாளுக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு. காகிதத்தில் இப்படி இருந்தது. ஒரு நாள் வாடகையில் திருச்செந்தூர், கன்னியாகுமரி, சுசீந்திரம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பும் குழுவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் காலை தரிசனம், லாட்ஜ் செலவு மிச்சம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்த மிச்சத்தை ஓட்டுநரின் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள்.

கனரக லாரிகளுக்கு 2025 அக்டோபர் முதல் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. வேன்களுக்கு அது பொருந்தாது. தமிழ்நாடு அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினரோடு வரும் ஓட்டுநர்களுக்குப் படுக்கை அறையும் கழிப்பறையும் ஓட்டல்களும் லாட்ஜ்களும் ஒதுக்க வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் கோயில் திடலில் நிறுத்திவிட்டுக் கடற்கரையில் படுக்கும் கூட்டத்தின் ஓட்டுநருக்கு லாட்ஜே கிடையாதே.

ஜப்பானில் 1993இல் சாலையோர நிலையங்கள் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். இலவச வண்டி நிறுத்தம், நாள் முழுக்கத் திறந்த கழிப்பறை, தகவல் பலகை, உள்ளூர்க்காரர்கள் விளைச்சலை விற்க ஒரு கடை. இன்றைக்கு நாடு முழுக்க 1,200க்கு மேல் இருக்கின்றன. அதே மாதிரி ஒன்று திருச்செந்தூருக்கு வரும் மூன்று சாலைகளிலும் வேண்டும். கூரை, நல்ல தண்ணி, கழிப்பறை, உடன்குடிக் கருப்பட்டி விற்க ஒரு கடை, ஓட்டுநருக்கு ஒரு கயிற்றுக் கட்டில். சூரசம்ஹாரத்துக்குத் தற்காலிகத் திடல் போட முடிகிற ஊரில் இது முடியாத காரியமில்லை.

அது வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். அடுத்த முறை வேனுக்கு வாடகை பேசும்போது, கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஏ.சி.க்கு எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்று கேட்பதோடு இன்னும் ஒன்று கேளுங்கள்: “அண்ணாச்சி, ராத்திரி நீங்க எங்க படுப்பிய?” பதில் சரியாக இல்லையென்றால் ஒரு படுக்கைக்கான காசை உங்கள் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள், கிளம்பும் நேரத்தை ஆறு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். சொந்த வண்டிக்காரர்கள் இந்தத் தீபாவளி போனஸில் ஸ்பீக்கர் வாங்கும் முன் கொசுவலை, விசிறி, அலாரம் மூன்றையும் வாங்குங்கள். முருகன் எங்கும் போய்விட மாட்டார். ஓட்டுகிறவர் தூங்கி எழுந்த பிறகு கிளம்புங்கள்.

(அடுத்த வாரம்: பழைய வேன் வாங்கும்போது கீழே படுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்)